பிரின்ஸ்வில்: "வேற ஊருக்குப் போக வேண்டியதுதானே?"

அமெரிக்காவில் வெள்ளம் என்று செய்தி வந்தாலே, "அடிக்கடி மூழ்குற ஊர்ல ஏன் இருக்காங்க, வேற ஊருக்குப் போக வேண்டியதுதானே?" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்கு வட கரோலைனாவின் பிரின்ஸ்வில் பற்றிச் சொல்ல வேண்டும்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் டார் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். 'ஃப்ரீடம் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் டார்பரோ நகரம். இந்தப் பக்கம் சதுப்பும் தாழ்நிலமும். வெள்ளை நிலக்காரர்கள் சீந்தாத இடம் என்பதால்தான் இவர்களுக்குக் கிடைத்தது. பள்ளத்தில் குடியேறியதை இவர்கள் தலையிலேயே கட்டுவது எந்த வகையில் நியாயம்?

1885-இல் ஊர் சட்டப்படி பதிவாகித் தனக்கென்று ஓர் உள்ளாட்சி அமைப்பைப் பெற்றது. ஊரில் வாழ்ந்த டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயரையே சூட்டினார்கள். கறுப்பின மக்களே உருவாக்கிச் சட்ட அங்கீகாரம் பெற்ற ஊர்களில் நாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது. 1900-இல் அந்த மாநிலமே கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கச் சட்டத்தைத் திருத்தியது. அதையும் தாண்டி இந்த ஊர் நின்றது.

ஆற்றுக்குக் கரை கட்டிக்கொடுக்க 1967 வரை ஆனது. 1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயல் வந்தபோது அந்தக் கரையும் காப்பாற்றவில்லை. ஊர் முழுக்கத் தண்ணீர். கல்லறைத் தோட்டத்திலிருந்து சவப்பெட்டிகள் மிதந்து வந்தன.

அப்புறம்தான் ஊர் மன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வீடுகளை மத்திய அரசு விலைக்கு வாங்கிக்கொள்ளும், மக்கள் வெளியேறலாம் என்றார்கள். இந்த ஏற்பாட்டில் வாங்கிய வீட்டை இடித்துவிடுவார்கள். அந்த மனையில் பிறகு யாரும் வீடு கட்டவே முடியாது. எல்லோரும் விற்றால் ஊரும் கிடையாது, ஊர் மன்றமும் கிடையாது. மன்ற உறுப்பினர்கள் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். மேயர் டீலியா பெர்கின்ஸ் தன் வாக்கால் முடிவு செய்தார்: இங்கேயே திரும்பக் கட்டுவோம்.

விற்கலாம் என்று வாக்களித்த இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் மறுபடியும் மூழ்கும் என்று அவர்கள் பயந்தது 2016-இல் மேத்யூ புயலில் அப்படியே நடந்தது. 2010-இல் 2,082 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 1,254 ஆகிவிட்டது. வீடு குறைந்தால் ஊருக்கு வரி வருமானம் குறையும், தண்ணீர்க் கட்டண வருமானமும் குறையும். கணக்கு வழக்கு சரியில்லை என்று ஊரின் நிதிப் பொறுப்பை மாநில அரசே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1997-இல் ஒரு முறை, 2012-இல் மறுபடியும். நிர்வாகக் கோளாறை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் இவ்வளவு சின்ன ஊர், இத்தனை வெள்ளத்துக்குப் பிறகு எந்த வருமானத்தை வைத்துச் சமாளிக்கும்?

எனக்குச் சரியென்று படுகிற வழி ஒன்று உண்டு. மேத்யூவுக்குப் பிறகு பக்கத்திலேயே மேட்டில் 53 ஏக்கர் நிலத்தை மாநில அரசு வாங்கியது. இந்த மாதிரி நிலத்தை ஊர் எல்லைக்குள்ளேயே சேர்த்து, வீடுகளையும் ஊர் அலுவலகத்தையும் அங்கே கொண்டுபோனால் மக்கள் பள்ளத்திலிருந்தும் தப்பிப்பார்கள், 1885-இல் வாங்கிய உரிமையும் கையில் இருக்கும். கரையைப் பலப்படுத்த மத்திய அரசு நிதி ஒதுக்கியதே 2020-இல்தான். ஃபிளாய்ட் வந்து இருபது வருஷம் கழித்து! "வேற ஊருக்குப் போங்க" என்று அந்த மக்களிடம் சொல்வதற்கு முன்னால், இந்தத் தாமதத்துக்கு அரசிடம் பதில் கேளுங்கள்.