சாயத்தண்ணிக்கு எரியும் விறகு யார் கணக்கு?

பனியன் ஏற்றுமதியில் இருப்பவர்களிடம் வெளிநாட்டு பையர்கள் இப்போது அடிக்கடி கேட்பது, ஒரு டி-ஷர்ட்டின் கார்பன் தடம், அதாவது அதைச் செய்ய வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களின் மொத்த அளவு, எத்தனை கிலோ என்பது. உடனே நாம் மென்பொருள் தேட ஓடுகிறோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் வருகிற எண்ணைத் தீர்மானிப்பதே அந்தப் பேச்சுதான்.

திருப்பூரில் பெரும்பாலான துணி ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. நிட்டிங் ஓர் இடம், சாயப்பட்டறை இன்னோர் இடம், அப்புறம் துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க்காகப் பல வாசல் ஏறி இறங்கி வருகிறது. நம் கம்பெனி கரண்ட் பில்லையும் ஜெனரேட்டர் டீசலையும் கூட்டி, பீஸ் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது கட்டிங்கும் தையலும் அயர்னிங்கும்தான். நீராவி கொட்டிச் செலவாகும் சாயவேலை அதில் கிடையாது. துணி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் கணக்கும் போக வேண்டும்.

அதிலும் எனக்கு மனசு ஆறாதது கழிவுநீர் விஷயம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் நடத்தினால்தான் தொழில் என்றானது. இப்போது கழிவுநீர் ஆர்.ஓ. வழியாகப் போகிறது, மிஞ்சும் உப்புத்தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும், நீராவி வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும். பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது சுத்திகரிப்பு நிலையம் தனி நிறுவனம் என்பதால் சாயப்பட்டறை அதைத் தன் கணக்கில் எழுதாமல் விட்டுவிட முடிகிறது, நாமும் விட்டுவிடுகிறோம். தரவுத்தளத்தில் ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்ற இவ்வளவு என்று கிடைக்கும் சராசரியை எடுத்துப் போடுகிறவர்கள், இந்த எவாப்பரேட்டர் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதைச் சேர்த்தால் நம் எண் ஏறும், கழிவை ஆற்றில் விடுகிற ஊரின் எண் நம்மைவிட அழகாகத் தெரியும் என்று சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்காக மறைக்கக் கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தனி வரியாகவே காட்டுவோம். ஆற்றைக் காப்பாற்ற ஆகும் செலவு அது என்று பையருக்குத் தெரியட்டும்.

விறகு மரம்தானே, வளரும்போது உறிஞ்சிய கார்பனைத்தான் எரியும்போது விடுகிறது, அதனால் பூஜ்யம் போட்டுவிடலாம் என்பதும் சரியில்லை. பொருட்களின் கார்பன் தடத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14067, உயிரிப்பொருளிலிருந்து வரும் கார்பனைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. விறகு ஏற்றி வந்த லாரியின் டீசல் எப்படியும் கணக்கில் வரும்.

பருத்தியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விதையோடு எடுக்கும் பருத்தியில் எடைப்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி பெரும்பாலும் கொட்டை. வயலின் உமிழ்வை எடைப்படி பிரித்தால் பெரும்பகுதி கொட்டை தலையில் விழும். விலைப்படி பிரித்தால் பஞ்சு தலையில் விழும். ஒரே வயல், ஒரே உரம், ஆனால் டி-ஷர்ட்டின் எண் எங்கேயோ போய்விடும். பஞ்சுக்காகத்தான் பருத்தி போடுகிறோம், அதனால் விலைப்படி பிரிப்பதே சரி என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது என்பதும் உண்மை. தொழிலாளர்கள் வேலைக்கு வரும் பயணத்தை, கார்பன் தடம் கணக்கிடுவதற்கான பிரிட்டனின் பிஏஎஸ் 2050 விதிமுறை வெளியே வைக்கிறது. எனக்கும் அதில் சம்மதம். தையல் மெஷின் செய்ய ஆன உமிழ்வு லட்சக்கணக்கான பீஸ்களில் கரைந்துவிடும். ஆனால் மொத்த உமிழ்வில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாம் என்ற சலுகையைச் சொல்லி லேபிள், பாலி பேக், அட்டைப்பெட்டி, பட்டறைக்குப் பட்டறை ஓடும் டெம்போ என ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும் பழக்கம் ஆபத்தானது. அது ஒரு சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று தெரியவே முதலில் ஒரு உத்தேசக் கணக்காவது போட வேண்டும். அதே பிஏஎஸ் 2050, மொத்தத்தில் 95 சதவீதமாவது உள்ளே இருக்க வேண்டும் என்கிறது.

வாங்கியவர் வீட்டில் துவைப்பது? லீவைஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு 501 ஜீன்ஸுக்கு 33.4 கிலோ வந்தது; அதில் 37 சதவீதம் வீட்டில் துவைத்து உலர்த்தியதால். சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் ஜெர்மனியில் டிரையர் ஓடுகிறதா, கொடியில் காய்கிறதா என்பது நம் கையில் இல்லை. அதை பையர் கணக்கிடட்டும். நம் வாசல் வரைக்குமான எண்ணை, துவைப்பதும் சேர்ந்த இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட மட்டும் விடக்கூடாது.

ஏர் ஷிப்மென்ட் அப்படியில்லை. கப்பலில் ஏற்றும் வரைதான் நம் செலவு என்ற எஃப்ஓபி விலை, தூத்துக்குடித் துறைமுகத்தோடு நம் பொறுப்பு முடிந்தது என்று எல்லையை அங்கே நிறுத்திவிடுகிறோம். சாயம் தாமதமாகி சரக்கு விமானத்தில் போனால் அந்தப் பயணத்தின் உமிழ்வு கப்பலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தாமதம் நம்முடையது என்றால் அதையும் நாம்தான் எழுத வேண்டும். ஆர்டரைக் கடைசி நேரத்தில் மாற்றியது பையர் என்றால் அவர் எழுத வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் மாதம் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர் என்ற மூன்று விவரத்தை உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் போதும், ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று எண் கிடைத்துவிடும். ஏற்றுமதியாளர் சங்கம் அதைக் கேட்டு வாங்கி எல்லாருக்கும் தரட்டும். எதையெல்லாம் விட்டோம், ஏன் விட்டோம் என்ற பட்டியலையும் ஒவ்வொரு கம்பெனியும் எண்ணோடு சேர்த்தே அனுப்பட்டும்.