ஆம்ஸ்டர்டாமில் நடக்க வழியுண்டு, ஒதுங்க இடமில்லை

ஆம்ஸ்டர்டாம் காலாற நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்று சொல்லாதவர் இல்லை. அதை நானும் மறுக்கவில்லை. மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி, ஹார்லெமர்ஸ்ட்ராட் வழியாகப் பிரவுவர்ஸ்கிராக்ட் கால்வாயை அடைந்து, அங்கிருந்து பிரின்சன்கிராக்ட் ஓரமாகவே யோர்டான் பகுதியையும் வெஸ்டர்கெர்க் கோபுரத்தையும் கடந்து, ‘ஒன்பது தெருக்கள்’ என்று பெயர்பெற்ற கடைவீதிகளில் கடை கடையாக நின்று பார்த்துக்கொண்டே போனால், மாலைக்குள் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய் வளையம் முழுவதையும் இப்படி நடந்தே பார்த்துவிட முடியும். ஆனால் அந்த நாள் முழுவதும் ஒரு பெண் எங்கே சிறுநீர் கழிப்பாள் என்ற கேள்விக்கு இந்த நகரம் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. கால்வாய்க் கரைகளில் பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தகட்டுச் சுருள்கள் நிற்கின்றன; 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஏற்பாடு இது. கதவு கிடையாது, கட்டணம் கிடையாது. சுருண்ட தகட்டுக்குள் நுழைந்து, நின்று, வேலையை முடித்து வெளியே வந்துவிடலாம். தகட்டின் கீழே உள்ளே நிற்பவரின் கால்கள் தெரியும். கை கழுவ ஒரு குழாய்கூட இருக்காது. இது போதாதென்று, வார இறுதி இரவுகளில் லெய்ட்ஸேபிளெய்ன் சதுக்கத்தில் நான்கு பேர் நான்கு பக்கமும் நின்று பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிறுநீர்த் தொட்டிகளையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் ஆண்களுக்காக இவ்வளவு யோசிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பகலில் பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கும் பாட்டியைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

சென்ற வசந்த காலத்தில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. வெளியே கிளம்புகிறோம் என்றதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பேருந்துப் பயணம் என்றாலே தொண்டையை நனைக்காமல் கிளம்பிப் பழகிய தலைமுறை அது. இங்கே அதற்கெல்லாம் அவசியமில்லை அம்மா என்று என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. முதலில் நுழைந்த காபிக் கடையில், வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அடுத்து ஒரு பெரிய கடையின் கழிப்பறை வாசலில் இருந்த தடுப்புக் கம்பி கார்டை மட்டுமே ஏற்றது. அம்மா அவசரமாகப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டிய நாணயத்துக்கு அங்கே மதிப்பில்லை. நான் கார்டைத் தட்டி அவரை உள்ளே அனுப்பினேன். மாலையில் மறுபடியும் அதே தேவை வந்தபோது, காசு கொடுத்துத் தேநீர் வாங்கிய கடையில், கழிப்பறை நிலவறையில் இருந்தது. ஏணிபோல் செங்குத்தாக இறங்கிய அந்தக் குறுகிய படிகளை மேலிருந்து பார்த்துவிட்டு, வேண்டாம், வீட்டுக்கே போய்விடலாம் என்றார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் படிகளின் அருகே போய்ப் பார்க்கும் யோசனைகூட வராது.

ஒரு காபி வாங்கினால் போயிற்று என்று எனக்கு அறிவுரை சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உடம்பின் அடிப்படைத் தேவைக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்கித்தான் அனுமதி பெற வேண்டுமா? அந்தக் காபியே ஒரு மணி நேரத்தில் அடுத்த கழிப்பறையைத் தேட வைக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது யாருக்கும் தெரியாத குறையும் அல்ல. 2015இல் ஓர் இரவு, மதுக்கடைகள் மூடிய பிறகு வேறு வழியின்றித் தெருவோரம் ஒதுங்கிய ஓர் இளம்பெண்ணுக்கு அபராதம் விதித்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2017இல் வழக்கை விசாரித்த நீதிபதி, ஆண்களுக்கான சிறுநீர்த் தொட்டியையே அவர் பயன்படுத்தியிருக்கலாம், சுகமாக இராது என்றாலும் முடியாததல்ல என்று கூறி அபராதத்தை உறுதிசெய்தார். நகரத்தில் ஆண்களுக்கு 35 சிறுநீர்க் கழிப்பிடங்களும் பெண்களுக்கு 3 கழிப்பறைகளும் மட்டுமே இருந்ததை அப்போது செய்தித்தாள்கள் எழுதின. நாடு முழுவதும் பெண்கள் கொதித்தார்கள். அதன்பிறகு 2024இல்தான் நகராட்சி பொதுக் கழிப்பறைகளுக்காக 40 லட்சம் யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது. ஏழு ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தார்கள்? அதே 2024இல் தங்கும் விடுதிக் கட்டணத்தின் மீதான சுற்றுலா வரியை 12.5 சதவீதமாக உயர்த்துவதற்கு மட்டும் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

கூட்டம் மிகுந்த பகுதிகளில் 500 மீட்டருக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று வயிறு, கல்லீரல், குடல் நோயாளிகளுக்கான டச்சு அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அருகிலுள்ள கழிப்பறையைக் காட்டும் செயலியையும் வெளியிட்டிருக்கிறது. குடல் அழற்சி உள்ளவருக்கு அந்த 500 மீட்டரே நெடுந்தூரம். இடமில்லை என்ற சாக்கை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் கால்வாய் ஓரத்தில் ஆண்களுக்கு இடம் இருக்கிறது. அந்தப் பச்சைச் சுருள்கள் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும், உட்கார ஓர் இருக்கையும், கை கழுவக் குழாயும் கொண்ட ஓர் அறையை, படியில்லாமல் தெருமட்டத்திலேயே, கட்டணமின்றி இந்தக் கோடைக்குள் கட்டித் தர வேண்டும்.