ஜூரோங் ஈஸ்டில் வீடு வாங்கலாமா என்று கேட்ட அக்காள் மகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஜூரோங் ஈஸ்டில் ஒரு நாலறை மறுவிற்பனை வீடு பார்த்திருக்கிறோம், வாங்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த ஆண்டு அவளுக்குத் திருமணம். வீட்டைக் காட்டிய சொத்து முகவர் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து, இங்கே இரண்டு புதிய ரயில் பாதைகள் வருகின்றன, இங்கே நகர மையத்துக்கு வெளியே மிகப் பெரிய வணிக வட்டாரம் அமைகிறது, ஆகவே பத்தே ஆண்டில் விலை எங்கேயோ போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரின் மேற்கே உள்ள இந்த வட்டாரத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் குடியிருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டாள். தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்காகவும், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற இளையர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முகவர் காட்டிய வரைபடம் பொய்யில்லை. ஜூரோங்கைத் திட்டமிட்டு உருவாக்குவது இந்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சதுப்பு நிலமாகக் கிடந்த இந்தப் பகுதியை 1960களில் அன்றைய நிதி அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ தொழிற்பேட்டையாக்க முனைந்தபோது, அதைக் 'கோவின் மடமை' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணைகட்டி ஏரி உருவானது. 1988இல் எம்ஆர்டி ரயில் வந்தது. என் அப்பா இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். 1990களில் நாங்கள் இங்கே வீடு வாங்கியபோது, 'அவ்வளவு தூரத்திலா?' என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்தத் தூரத்தால்தான் எங்கள் வருமானத்துக்கு எட்டுகிற விலையில் வீடு கிடைத்தது.

ஜூரோங் ஈஸ்ட் ஒரு வட்டார மையமாக வளரவேண்டும் என்பது நாட்டின் நீண்டகால நிலப் பயன்பாட்டை வகுத்த 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 2008இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் 'ஜூரோங் ஏரி வட்டாரம்' என்ற பெயரில் விரிவான திட்டத்தை வெளியிட்டபோதுதான் சொத்துச் சந்தை நிமிர்ந்து பார்த்தது. இன்று அத்திட்டத்தின் பரப்பு சுமார் 360 ஹெக்டர். அது முழுமையடையும்போது 100,000 வேலைகளும் 20,000 புதிய வீடுகளும் இருக்கும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதற்கு 2040களும் கடந்துபோகலாம். அக்காள் மகள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இந்தக் காலக்கணக்கைத்தான்.

இதுவரை கைக்கு வந்தவை எவை என்று பார்த்தால் அதுவும் சிறிதல்ல. 2013இல் ஜெம், வெஸ்ட்கேட் கடைத்தொகுதிகள் அடுத்தடுத்துத் திறந்தன. 2015இல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை திறந்தது. 2019இல் லேக்சைட் தோட்டமும், 2024இல் புதுப்பிக்கப்பட்ட சீன, ஜப்பானியத் தோட்டங்களும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. என் அம்மாவின் கடைசி மூன்று ஆண்டுகளில் மாதத்துக்கு இரண்டு முறையாவது மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடுவேன், டாக்சி தேவைப்பட்டதில்லை. அந்த மருத்துவமனை என் வீட்டின் விலையில் எத்தனை ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைக் கூட்டியது என்று எனக்கு யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வாழ்க்கைக்கு அது எவ்வளவு கூட்டியது என்பது எனக்குத் தெரியும்.

வராமல் போனவையும் உண்டு. 2013 பிப்ரவரியில் கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் அறிவிக்கப்பட்டது. 90 நிமிடப் பயணம் என்றார்கள். 2015இல் சிங்கப்பூர் முனையம் ஜூரோங் ஈஸ்டில்தான் என்பது உறுதியானது. அதற்காக ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. 2016 டிசம்பரில் இருநாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு. கடைசியில் 2021 ஜனவரி 1ஆம் தேதி ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. மலேசியா சிங்கப்பூருக்கு 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு தந்தது. அந்த ரயிலை நம்பி அதிக விலை கொடுத்து வீடு வாங்கியவர்களுக்கு இழப்பீடு தர யாரும் இல்லை.

2013இன் பரபரப்பை நான் நேரில் பார்த்தேன். அந்த ஜூன் மாதத்தில் எம்ஆர்டி நிலையத்தை அடுத்த ஜே கேட்வே தனியார் கூட்டுரிமைக் குடியிருப்பின் 738 வீடுகள், சதுர அடிக்கு 1,480 வெள்ளியை ஒட்டிய சராசரி விலையில், ஏறத்தாழ ஒரே நாளில் விற்றுப்போயின. அதே ஆண்டில் என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, இந்த வட்டாரத்தில் வேறொரு கூட்டுரிமை வீட்டை வாங்கினார். 2013 பிற்பகுதியில் தொடங்கித் தொடர்ச்சியாக 15 காலாண்டுகளுக்கு நாடு முழுவதும் தனியார் வீட்டு விலைக் குறியீடு இறங்கியது. மொத்தச் சரிவு 11.6 விழுக்காடு. 2018இல் தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டு அவர் அந்த வீட்டை விற்றார். விற்பனைப் பத்திரத்தில் பெரிய நட்டம் தெரியவில்லை. ஆனால் வங்கி வட்டி, முத்திரைத் தீர்வை, ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து (மசேநி) வீட்டுக்காக எடுத்த தொகையோடு 2.5 விழுக்காட்டு வட்டியையும் சேர்த்து மசேநி கணக்கில் திருப்பிச் செலுத்தியது எல்லாம் போக, கையில் மிஞ்சியது அவருடைய தொழில் தேவைக்குப் போதவில்லை. அன்றும் அவரிடம் முகவர் காட்டியது ஒரு வரைபடம்தான். அதில் அதிவேக ரயில் தடித்த கோடாக இருந்தது.

இப்படி நடப்பதற்குக் காரணம் சூழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தம். அது ஏலக்குத்தகை வழியாக மேம்பாட்டாளர்களுக்கு விற்கப்படுகிறது. ஒரு வட்டாரம் வளரப்போகிறது என்ற செய்தி முதலில் நிலத்தின் விலையில் ஏறுகிறது. அதைக் கொடுத்து வாங்கிய மேம்பாட்டாளர் வீட்டின் விலையில் ஏற்றுகிறார். பக்கத்துப் புளோக்கில் மறுவிற்பனைக்கு வீட்டைப் போடுபவர் அதைப் பார்த்துத் தம் விலையை ஏற்றுகிறார். நம்மைப் போன்றவர்கள் வரிசையில் போய் நிற்கும்போது, இன்னும் கட்டப்படாத ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் உரிய விலையில் பெரும்பங்கை ஏற்கெனவே கொடுத்துத்தான் வாங்குகிறோம். திட்டம் சொன்ன நாளில் முடிந்தால் மிச்சப் பங்கு நமக்கு. தாமதமானால் அந்தத் தாமதத்தின் செலவும் நமக்கே.

தாமதம் ஆகக்கூடியதுதான் என்பதை 2024 காட்டியது. வட்டாரத்தின் மையப்பகுதியில் 6.5 ஹெக்டர் நிலத்தை ஒரே தலைமை மேம்பாட்டாளரிடம் கொடுப்பதற்கான ஏலக்குத்தகை 2023 ஜூனில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. வந்தது ஒரே ஒரு விலைக்குறிப்பு. ஐந்து பெரிய நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து, கட்டத்தக்க பரப்பில் சதுர அடிக்கு 640 வெள்ளி என்று கேட்டிருந்தன. விலை மிகக் குறைவு என்று செப்டம்பரில் ஆணையம் நிலத்தைக் கொடுக்க மறுத்துவிட்டது. அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். பொதுமக்களின் நிலத்தை அவசரத்துக்காக மலிவாகக் கொடுக்கக்கூடாது. அதே வேளையில், ஐந்து நிறுவனங்கள் சேர்ந்தும் அதற்குமேல் கேட்கத் துணியவில்லை என்பதை வீடு வாங்குபவர் கவனிக்கவேண்டும். கொவிட்டுக்குப் பிறகு அலுவலக இடத்துக்கான தேவை நிச்சயமற்றுப் போனது, வட்டியும் உயர்ந்தது. இந்த நிலையில், கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தயங்குகிற இடத்தில், ஓர் இளம் தம்பதி தங்கள் மசேநி சேமிப்பு முழுவதையும் நம்பிக்கையோடு வைக்கிறார்கள். அந்த ஏலக்குத்தகை முடிவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், 2023 நவம்பரில், ஜேகியூப் கடைத்தொகுதி இருந்த இடத்தில் எழும் ஜேடென் குடியிருப்பில் 88 விழுக்காட்டு வீடுகள் முதல் வார இறுதியிலேயே சதுர அடிக்குச் சராசரியாக 2,451 வெள்ளிக்கு விற்றுப்போயிருந்தன. வட்டாரம் ஒன்று, அதன் எதிர்காலத்தைப் பற்றிய மதிப்பீடுகள் இரண்டு.

இனி அக்காள் மகள் பார்த்த வீட்டுக்கு வருகிறேன். அந்தப் புளோக்கின் 99 ஆண்டுக் குத்தகை 1984இல் தொடங்கியது. 2083இல் முடியும்; அதன்பின் வீடு நம்முடையதல்ல. 2008இல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது 75 ஆண்டுகள் மிச்சம் இருந்தன, 2025இல் 58. வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் மசேநி பணத்தை முழு அளவில் பயன்படுத்தலாம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடனையும் முழு அளவில் பெறலாம் என்பது 2019 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள விதி. அவளுக்கு வயது 29. இந்தக் குத்தகை அவளுடைய 87 வயதோடு நின்றுவிடுகிறது. ஆகவே இரண்டும் குறைக்கப்பட்டு, ரொக்கமாகப் போடவேண்டிய தொகை கூடும். இதை முகவர் அவளிடம் சொல்லவில்லை.

இன்றைய சுமையைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்துவது 2040தான். அப்போது ஜூரோங் வட்டார ரயில் பாதை ஓடிக்கொண்டிருக்கும். குறுக்குத் தீவு ரயில் பாதையும் ஓடிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் அலுவலகங்கள் எழுந்திருக்கலாம். வரைபடம் வாக்களித்ததில் பாதியாவது கண்முன் நிற்கும் அந்த ஆண்டில், இந்த வீட்டின் குத்தகையில் 43 ஆண்டுகள்தான் மிச்சம் இருக்கும். அதை வாங்க வரும் 30 வயதுக்காரருக்கு 73 வயதுவரையே அது போதும். அவருக்கு மசேநியும் கடனும் இன்னும் குறைவாகக் கிடைக்கும். சுற்றுப்புறம் உச்சத்துக்கு வருகிற நேரத்தில் வீட்டின் ஆயுள் சரிந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 70 ஆண்டான புளோக்குகளுக்கு குடியிருப்போர் இசைந்தால் குத்தகை முடியுமுன்னரே அரசாங்கம் வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் 'விருப்பத்தின்பேரில் முன்கூட்டிய மறுமேம்பாடு' என்ற திட்டத்தை 2018இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். ஆனால் எல்லாப் புளோக்குகளும் தெரிவு செய்யப்படமாட்டா; தெரிவானாலும் இந்தப் புளோக்குக்கு 70 வயதாவது 2054இல். அதை நம்பி இன்று விலை கொடுக்கக்கூடாது.

ரயில் பாதைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 24 நிலையங்கள் கொண்ட ஜூரோங் வட்டாரப் பாதை 2027 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கவிருக்கிறது. தூண்கள் எழுந்து நிற்பதைத் தினமும் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். குறுக்குத் தீவுப் பாதையின் இரண்டாம் கட்டம் 2032இல் ஜூரோங் ஏரி வட்டார நிலையத்தை எட்டும். ஆனால் அந்தப் பாதைகள் ஜூரோங் ஈஸ்டை மட்டும் உயர்த்துவதில்லை. சுவா சூ காங், தெங்கா, ஜூரோங் வெஸ்டின் உட்பகுதிகள் எல்லாமே நமக்கு அருகில் வந்துவிடும். இவ்வளவு காலம் பேருந்துக்காகக் காத்திருந்தவர்களுக்குத்தான் உண்மையான ஏற்றம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களின் தனிச்சிறப்பு சற்றுக் குறையவும் கூடும். தெங்காவில் மட்டும் 42,000 வீடுகள் திட்டமிடப்பட்டுள்ளன, அத்தனையும் புதிய குத்தகையோடு. 40 ஆண்டுப் பழைய வீடு அவற்றோடு போட்டியிட்டுத்தான் விலைபோகவேண்டும்.

ஆகவே அவளிடம் நான் சொல்லப்போவது இதுதான். ஜூரோங்கில் வாங்கு; உன் அம்மாவும் நானும் பக்கத்தில் இருப்போம், உன் வேலையிடமும் இன்டர்நேஷனல் பிசினஸ் பார்க்தான். ஆனால் 2025 கணக்கின்படி 66 ஆண்டாவது குத்தகை மிச்சமிருக்கும் வீட்டைத் தேடு, அதாவது 1992க்கு முன் தொடங்கிய குத்தகை வேண்டாம். ஜூரோங் வெஸ்டில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அவற்றில் சில புதிய ரயில் பாதைக்கு நடக்கும் தூரத்திலேயே உள்ளன, விலையும் ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தை ஒட்டியவற்றைவிடக் குறைவு. எந்த வீட்டைப் பார்த்தாலும், இனி வரப்போகும் ஒன்றுகூட வராமல் போனாலும் இந்த விலைக்கு இதில் மனநிறைவோடு இருப்போமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

வரும் சனிக்கிழமை மாலை மூன்று வீடுகளைப் பார்க்க அவளும் மாப்பிள்ளையும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றின் குத்தகை தொடங்கிய ஆண்டையும் வீவக இணையத்தளத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.