புகைக்கு எங்க ஜன்னல் மட்டும்தான் தெரியுமா?

ஏசி, ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, கக்கூஸ்னு ஒரு வீட்டையே சக்கரத்துல ஏத்தின ஆர்வி வண்டி. லட்சம் டாலர் கொட்டி வாங்கி, அதைக் காட்டுல நாங்களும் தங்கியிருக்கிற கேம்ப் மைதானத்துக்கு ஓட்டிட்டு வந்து, வெளிய உக்காந்து விறகு எரிக்கிறாங்க. எரிக்கட்டும். ஈர விறகையா எரிக்கணும்?

அது எரியாது. புகையும். ராத்திரி பூரா புகையும். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் நேரா எங்க ஜன்னலுக்குத்தான் வரும். மூடினா புழுக்கம், திறந்தா இருமல். போர்வை, துண்டு, புள்ளைங்க தலைமுடி எல்லாம் அதே நாத்தம். விறகு தீர்ந்ததும் பேப்பர் பிளேட், பிளாஸ்டிக் கப், பீர் கேன். ஏங்க, பீர் கேன் எரியுமா?

கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி தேசியப் பூங்காப் பள்ளத்தாக்குல மே 1லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும் சாயங்காலம் 5 மணிக்கு மேல 10 மணி வரைதான் தீ மூட்டலாம். புண்ணியவான்கள். இங்க பக்கத்து சைட்டுக்காரர் விடியக்காலையில காப்பிக்கே மூட்டிடறார். உள்ள இருக்கிற கேஸ் அடுப்பு என்ன, கொலுவுக்கா?

வீட்டுலேருந்து விறகு கொண்டு வராதீங்கன்னு வாசல்லயே போர்டு. அமெரிக்காவுல முதல் தடவையா 2002ல மிச்சிகன்ல கண்டுபிடிச்ச மரகத வண்டு, இப்படி விறகுல சவாரி பண்ணியே மாநிலம் மாநிலமாப் போய் ஆஷ் மரங்களைக் காலி பண்ணுது. போர்டை யார் படிக்கிறா? அதுக்குக் கீழதான் விறகையே இறக்கறாங்க.

தீ எனக்கும் பிடிக்கும்ங்க. காஞ்ச கட்டை, சின்னதா கொழுந்து, நல்ல குளிர்னா நானே நாற்காலியைத் தூக்கிட்டுப் போவேன். இது மாட்டுக்கொட்டாய்ல கொசுவுக்குப் போடுற மூட்டம். அதுக்கும் கொசு போகல!