போராளின்னு சொல்லி வாயை அடைக்காதீங்க

ஞாயித்துக்கிழமை நம்ம தெருவுல நடந்ததுக்கு ஆளாளுக்கு போன் பண்ணி "விடுங்க, தமாஷுக்கு சொன்னாரு"ன்னு சமாதானம் பேசுறீங்க. எனக்கு அது தமாஷா தெரியல. கொடுங்கையூர்ல குப்பை எரிஉலை வேண்டாம்னு நோட்டீஸ் குடுக்க அந்த அக்கா வராங்க, "வந்தாச்சுப்பா சமூகப் போராளி"ன்னு ஒரு குரல், உடனே நாலு பேர் சிரிப்பு. வாங்கின நோட்டீஸை மடிச்சு விசிறிக்கிட்டாங்களே தவிர ஒருத்தர் படிக்கல.

போராளின்னா ஒரு காலத்துல ஈழத்துல உயிரைக் குடுத்தவங்களைச் சொல்வோம். 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினால செல்போன் லைட்டைத் தூக்கிப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தப்ப நாம எல்லாருமே போராளி தான். ஞாயித்துக்கிழமை கிண்டல் பண்ணவர் அன்னைக்கு டிபில காளை வெச்சிருந்தவர். 23ஆம் தேதி போலீஸ் விரட்டினப்ப ஓடி வந்த பசங்களுக்கு அடைக்கலம் குடுத்த நடுக்குப்பத்துல மீன் மார்க்கெட்டே எரிஞ்சு போச்சு, அந்த ஜனங்களையும் இப்படித்தான் சிரிப்பீங்களா?

எல்லா வார்த்தைக்கும் இதே கதி தான். கலைஞர் திமுக தொண்டர்களைப் பாசமா கூப்பிட்ட உடன்பிறப்பு இன்னைக்கு சுருங்கி, காசுக்குப் பேசுறவன்னு கிண்டல் பண்ற "200 ரூபா ஊபி". அமெரிக்காவுல கறுப்பின மக்கள் விழிப்பா இருக்கணும்னு தங்களுக்குள்ள சொல்லிக்கிட்ட "வோக்"கை அங்க இப்ப வசவா ஆக்கிட்டாங்க. வார்த்தை மாறட்டும், ஆனா கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம தப்பிக்கத் தான் இதெல்லாம் உதவுது.

"போலிப் போராளி இல்லையா"ன்னு கேப்பீங்க. இருக்காங்க, காசு வாங்கிட்டு கத்துறவன், போட்டோ எடுத்துட்டு கிளம்புறவன் எல்லாம் இருக்கான். அதுக்கு அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? எரிஉலை நல்லதுன்னு நினைச்சா தாராளமா வாதாடுங்க, யார் வேணாம்னா?

எங்கம்மா வியாசர்பாடில தண்ணி வரலன்னு காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்தவங்க. இடுப்புல என் தம்பி. சாயங்காலம் லாரி வந்துச்சு, அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இருந்தவங்களும் தான் வந்து வரிசையில நின்னாங்க. இப்ப இருந்திருந்தா அம்மாவையும் வீடியோ எடுத்து மீம் போட்டிருப்பீங்க, அதை நினைச்சா தான் எனக்கு வயிறு எரியுது.

2025 ஆகஸ்ட்ல ரிப்பன் பில்டிங் வாசல்ல தூய்மைப் பணியாளருங்க 13 நாள் உக்காந்திருந்தாங்க, வேலையைத் தனியாருக்குக் குடுக்காதீங்கன்னு. ராத்திரியோட ராத்திரியா அப்புறப்படுத்தினாங்க. அப்பவும் "யாரோ தூண்டி விடுறாங்க"ன்னு தான் பேசினீங்க. வெள்ளத்துல சாக்கடைல இறங்கினப்ப அவங்களை யாருங்க தூண்டி விட்டது?