ஓடுகிற கடைக்கும் ஒரு விலை உண்டு

மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு மளிகைக் கடையோ மாவு மில்லோ நடத்துபவருக்கு வயதாகிவிட்டால் அந்தத் தொழில் என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது கைமாறுவதில்லை, மூடப்படுகிறது. மோட்டாரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போகிறார். தராசு உறவினர் வீட்டுப் பரணுக்குப் போகிறது. இடத்தை மனை புரோக்கர் முடித்துக் கொடுக்கிறார். முப்பது நாற்பது வருடம் நின்று சேர்த்த வாடிக்கை யாருக்கும் போய்ச் சேராமல் அழிகிறது. அதற்கென்று ஒரு ரூபாய்கூடப் பேசப்படுவதில்லை. இது அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் வடசென்னையில் இப்படி யாரும் ஏமாற மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆறடி அகலக் கடை ஒன்று கைமாறினாலும் அட்வான்ஸ் தனி, சரக்கு தனி, குட்வில் தனி (அதாவது சேர்த்துவைத்த வாடிக்கைக்கும் பெயருக்குமான விலை) என்று பேசித்தான் முடிப்பார்கள். அந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஆனால் இங்கே குட்வில்லுக்காக மல்லுக்கட்டும் அதே முதலாளி, சொந்த ஊரில் தன் அப்பாவின் கடையை மூடும்போது இடத்துக்குச் சென்ட் என்ன விலை என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. கிராமத்து வாடிக்கை என்ன இளக்காரமா?

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் என் சித்தப்பா. பொன்னேரிக்கு இந்தப் பக்கம், அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கிப் போகிற ஒரு கிராமத்தில் மாவு மில்லும் அதையொட்டிச் சின்ன மளிகைக் கடையும் வைத்திருந்தார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். மாவுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை. விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தபோது முதலில் வந்த புரோக்கர் மில்லுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, “மிஷினையெல்லாம் கழற்றிவிட்டு இடத்தைக் காலியாகக் கொடுத்தால் நல்ல விலை” என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு மிஷின். ஒன்று அரிசி, கோதுமை, கேழ்வரகுக்கு. மற்றது மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. சுவரோரம் வரிசையாகத் தூக்கும் டப்பாவும் துணிப்பையும் இருக்கும். பாதிக்குமேல் பெயர் எழுதியிராது. எது எந்த வீட்டுடையது, அது கொழுக்கட்டைக்கு நைஸாக அரைக்க வேண்டியதா, புட்டுக்குக் கொஞ்சம் குருணையாக விட வேண்டியதா என்பது சித்தப்பாவுக்குப் பையைப் பார்த்ததும் தெரியும். மிஷின் ஓடும்போதே மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கொஞ்சம் அதிகமாகச் சுட்டாலே, அரவைக் கல் தேய்ந்துவிட்டது, அதைக் கொத்த வேண்டும் என்று நிறுத்திவிடுவார். அதிரசத்துக்கு வருகிற ஈர அரிசியை எவ்வளவு நேரம் உலர்த்திக் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டுப் போன பெண்கள், இன்று தங்கள் மருமகள்களை அனுப்புகிறார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த மில். இடத்தின் விலைக்குள் இதை அடக்கிவிட முடியாது.

சரி, இதை எப்படி விலையாக்குவது? இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். கிராமத்துக் கடையில் எழுத்துக் கணக்கு இருப்பது அபூர்வம். சரக்கு விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை என்பதால் அந்த வழியிலும் ஆவணம் இராது. வாங்க வருபவர் எதை நம்புவார்? மில்லைப் பொறுத்தவரை நான் கண்ட நேர்மையான சாட்சி மின் கட்டண ரசீது. மோட்டார் ஓடாமல் யூனிட் ஏறாது. ஒரு வருட ரசீதுகளை வரிசையாக வைத்தால் ஊரின் வருடமே அதில் தெரியும்: கோடையில் மிளகாய்த்தூள், ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு, தீபாவளிக்கு முறுக்கு மாவு, நடுவில் மந்தமான மாதங்கள். மந்தமான மாதத்தில் அவசரப்பட்டு விலை பேசினால் விற்பவருக்கு நஷ்டம். தீபாவளிக் கூட்டத்தைக் காட்டி விலை பேசினால் வாங்குபவருக்கு நஷ்டம். முழு வருடத்தையும் வைத்துப் பேசுவதுதான் இருவருக்கும் நியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது விற்பவர்களுக்குக் கசக்கும். கடையில் செலவு போக மாதம் 25,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் லாபமல்ல. விடியற்காலை முதல் இரவு வரை நீங்கள் நின்ற கூலியும் அதில் இருக்கிறது. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் 15,000 கொடுக்க வேண்டும் என்றால், தொழில் தருவது 10,000 மட்டும்தான், வருடத்துக்கு 1,20,000. இதில் ஒன்றரை முதல் இரண்டு வருடத் தொகையை வாடிக்கைக்கான விலையாகவும், மிஷினை இன்றைய நிலைக்கு ஏற்ற விலையிலும், சரக்கை வாங்கிய விலையிலும் வைத்துக் கேட்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். வாங்குபவர் பேரம் பேசட்டும், ஆனால் அந்தத் தொகை பேச்சிலாவது வர வேண்டும்.

அடுத்தது, ரகசியம். சித்தப்பா மில்லை விற்பதை ஊரில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். விற்பதென்றால் நொடித்துவிட்டார் என்று பேசுவார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், கடன் நோட்டு. “விற்கிறேன் என்று தெரிந்தால் ஒருவரும் பாக்கி கொடுக்க மாட்டார்கள், தம்பி” என்றார். அந்த நோட்டைப் புரட்டினால் முழுப் பெயரே இராது. டைலர் வீடு, மேட்டுத் தெரு பெரியம்மா, போஸ்ட்மேன் மருமகன் என்று இருக்கும். கையெழுத்தோ தேதியோ பல இடங்களில் கிடையாது.

பயம் நியாயமானது. ஆனால் ரகசியத்தால் அது தீர்வதில்லை. சாதாரணமாகக் கொடுத்த சரக்குக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். அதற்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து காலம் மறுபடி தொடங்கும். மளிகைப் பாக்கிக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பாக்கியைச் சொல்லி, நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கியதிலேயே பாதி பேர் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மில் தொடர்ந்து நடக்கும் என்று தெரிந்ததும் மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசினார்கள். நாளைக்கும் அங்கேதானே மாவு அரைக்கப் போக வேண்டும்? மூடப்போகிற கடைக்குத்தான் பாக்கி வராது. மீதிப் பாக்கியை வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதென்றால் அது எழுத்தில் இருந்தாக வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 130ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

வாங்கியவர் வெளியூர்க்காரரல்ல. அதே மில்லில் கூலிக்கு நின்று கல் கொத்தப் பழகிய இளைஞர். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்: வாங்குபவரைத் தேடி ஊர் ஊராக அலைவதற்கு முன், உங்கள் கடையிலேயே வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரிடம் கையில் பணம் இராது, அதனால் நாம் கேட்பதே இல்லை. சித்தப்பா ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியை மாதத் தவணையாக எழுதிக்கொண்டார். வாய்ப்பேச்சாக விடாமல், தவணை தவறினால் என்ன என்பது உட்பட எல்லாம் முத்திரைத்தாளில் இருக்கிறது. அதே ஊரில் சித்தப்பா மறுபடி மில் போடமாட்டார் என்பதும் இருக்கிறது. பொதுவாக ஒருவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குட்வில்லை விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்த எல்லை நியாயமானதாக இருக்கும்வரை செல்லும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இந்த விதிவிலக்கைத் தருகிறது. வாடிக்கை என்பது விற்கக்கூடிய பொருள் என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடையாக இருந்தால், பழைய வரிப் பாக்கிக்கு விற்றவரோடு வாங்கியவரும் பொறுப்பு; அதைப் பார்த்துத் தீர்க்காமல் கையெழுத்திடாதீர்கள். உணவுப் பொருள் விற்பதற்கான பதிவைப் புதியவர் தன் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும். மின் இணைப்பின் பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். அந்த இளைஞர் முன்பணத்துக்காக ஒரு வங்கிக்குப் போனார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008 முதல் நடக்கிறது. கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம் மானியம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிய தொழிலுக்கு மட்டும்தான். “புது மிஷினுக்குக் கொட்டேஷன் கொண்டு வாருங்கள், பார்க்கலாம். ஓடுகிற மில்லை வாங்குவதற்கு இதில் இடமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவர் சித்தப்பாவின் மில்லுக்கு எதிரிலேயே புது மில் போட்டால் அரசு மானியம் கொடுக்கும். ஏற்கெனவே ஓடும் மில்லை, அதன் வாடிக்கையோடு, வருமானம் வரும் என்பதற்கான ஆதாரத்தோடு வாங்கினால் ஒரு பைசா கிடையாது. ஒரு மில்லுக்கு மட்டுமே அரவை இருக்கும் ஊரில் இரண்டு மில் வந்தால் இரண்டும் படுக்கும். புதியவர் கடனாளியாவார், பெரியவரின் மிஷின் இரும்புக் கடைக்குப் போகும். புதிதாகத் தொடங்கப்பட்ட தொழில் என்று ஏட்டில் எண்ணிக்கை மட்டும் ஏறும். பக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகாமல் ஊரிலேயே தொழில் செய்ய முன்வருகிற ஓர் இளைஞருக்கு நாம் செய்யும் உதவி இவ்வளவுதானா?

நான் கேட்பது பெரிதல்ல. ஐந்து வருடத்துக்கு மேல் நடக்கும் ஒரு கிராமத் தொழிலை, அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் வாங்கி நடத்த முன்வந்தால் அதையும் மானியத்துக்குத் தகுதியாக்குங்கள். போலியாகப் பெயர் மாற்றிப் பணம் எடுப்பார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு, பதிவு ஆவணம் என்று சரிபார்க்க வழி இருக்கிறது. நெருங்கிய உறவினருக்குக் கிடையாது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிப் போலி அடைபட்டுவிடும்.

வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் ஊரோடு தொடர்புள்ளவர்கள், அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். தீர்மான வாசகம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கடையை விற்கும் யோசனையில் இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புரோக்கரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு வருட மின் ரசீதையும் கடன் நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.