ஆலமரமும் கைம்மாறும்
மரத்தைக் கொடைக்குப் பாடமாகக் காட்டும் கட்டுரை ஒன்றில், ‘மரம் எதையும் எதிர்பாராமல் கொடுக்கிறது’ என்று அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் நிற்கும் ஆலமரத்தின் பழத்தைப் பிட்டுப் பார்த்தால், உள்ளே எள்ளினும் சிறிய குளவிகளைக் காணலாம். காயின் நுனித் துளை வழியே நுழையும் பெண் குளவி மகரந்தத்தைச் சேர்க்க, மரமோ அந்தக் காய்க்குள் இருக்கும் தன் பூக்களில் ஒரு பங்கை அதன் புழுக்கள் வளர விட்டுக்கொடுக்கிறது. பழம் தின்னும் குயிலும் மைனாவும் வௌவாலும் விதைகளை வேறிடம் கொண்டு சேர்க்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான், கொடையைவிட உயர்ந்த பாடமாக நான் கருதுகிறேன். கண்மாய்த் தண்ணீரில் விளைந்ததை உண்டவர்கள் கோடையில் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டிய குடிமராமத்தும் அத்தகைய நன்றிக்கடனே. இன்று பல ஊர்களில் வரத்துக்காலைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, கரை ஆலமரத்தின் அடியிலும் வேர் மூச்சுவிட வழியில்லாமல் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம்.